எதுவும் அழுகாத ஊர்

தனபாக்கியம் அரைத்து வைத்த இட்லி மாவு மூன்றாவது நாளாகப் பொங்கவில்லை.

வேப்பங்கோம்பையில் அறுபது வீடுகளுக்கும், பஸ் நிறுத்தத்தில் இருந்த இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் அவள்தான் மாவு கொடுத்துவந்தாள். பத்தொன்பது வருடத் தொழில். முதல் நாள் உளுந்தின் மேல் பழியைப் போட்டாள். மறுநாள் வேறு கடையில் உளுந்து வாங்கி, வெந்தயத்தையும் கூட்டிப் போட்டாள். சித்திரை மாத வெயிலுக்கு மாவு நான்கைந்து மணி நேரத்தில் குண்டாவை விட்டு வழிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்தால், ஊற்றிய அதே அளவில், ஒரு குமிழ்கூட இல்லாமல் கிடந்தது. மோந்து பார்த்தாள். அரைத்த அரிசியின் பச்சை வாசனை மட்டும்தான் வந்தது.

அவள் யோசித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா, உறைக்கு ஒரு கரண்டி தயிர் குடுங்க. எங்களுது ரெண்டு நாளா உறையவே மாட்டேங்குது."

தனபாக்கியம் உள்ளே போய்ப் பார்த்தாள். முந்தின நாள் உறை ஊற்றி வைத்த பால் பாலாகவே இருந்தது.

ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊர் முழுக்கத் தக்காளிதான். விலை விழுந்த வருடங்களில் பறித்த தக்காளியை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்ளும் ஆண்களை அந்த ஊர் பார்த்திருந்தது. தனபாக்கியத்தின் கணவன் நாட்ராயனும் அப்படிப் படுத்தவன்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் ஆட்கள் நீல நிறக் கேன்களோடு வந்தார்கள். மருந்தின் பெயர் வாடாநீர். அறுப்புக்கு முந்தின நாள் செடியில் தெளித்துவிட்டால் பழம் முப்பது நாள் அழுகாது. ரசாயனம் இல்லை, ஓர் உயிர்தான், வெயிலில் இரண்டு நாளில் தானே செத்துவிடும் என்றார்கள். ஊரில் முதல் கேனை வாங்கியவன் நாட்ராயன். அதற்குப் பிறகு யாரும் தக்காளியை ரோட்டில் கொட்டவில்லை. சந்தையில் காத்திருந்து, தங்களுக்குக் கட்டுப்படியான விலை வந்த அன்றைக்கு விற்றார்கள். ஓட்டு வீடுகள் சில மாடி வீடுகளாயின. பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள்.

அதனால் மாவு பொங்காததையும் அந்த மருந்தையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. நல்ல மழை. தனபாக்கியம் வாசலில் போய் நின்றாள். ஏதோ ஒன்று குறைந்தது போல இருந்தது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரமாயிற்று. நனைந்த மண்ணிலிருந்து வாசனையே எழவில்லை. சிமெண்டுத் தரையில் பெய்த மழை போலப் பெய்து ஓய்ந்தது.

அதன்பிறகு அவள் கண்ணில் எல்லாம் பட ஆரம்பித்தது. முருங்கை மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடந்தது. அடிச் சருகும் மேல் சருகும் ஒன்று போல இருந்தன. குப்பைக் குழியில் தை மாதம் கொட்டிய சாணம் கொட்டிய உருண்டையாகவே காய்ந்து கிடந்தது. அவரைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரில் எப்போதும் இருக்கும் சின்னச் சின்ன முண்டுகள் ஒன்றுகூட இல்லை.

பிறகு மாடுகள் சாக ஆரம்பித்தன.

அவர்கள் வீட்டுச் செவலைப் பசு நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தது. தின்னத் தின்ன விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஒரு மதியம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். வயிறு முட்ட வைக்கோல். பத்து நாளைக்கு முன் தின்ற வைக்கோல், மென்ற துண்டு துண்டாக, நிறம்கூட மாறாமல் இருந்தது.

"வயிறு நெறையத் தின்னுட்டுப் பட்டினியில செத்திருக்கும்மா," என்றார் மருத்துவர். "முப்பது வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்ல."

அவர்தான் ரெபேக்காவுக்குத் தகவல் சொன்னார். ரெபேக்கா வேளாண் கல்லூரி ஒன்றில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். நான்கு நாள் ஊர் முழுக்க மண்ணும் தண்ணீரும் சாணமும் எடுத்தாள். கையுறை போடாமல் எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள் தனபாக்கியத்தின் அடுக்களையில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தூக்கமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அக்கா, மாவு ஏன் புளிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வெயிலுக்குப் புளிக்கும்."

"வெயில் உதவி செய்யும். புளிக்க வைக்கிறது கிருமி. நல்ல கிருமி. பாலைத் தயிராக்குறதும் அதே மாதிரி ஒண்ணுதான். சருகை மண்ணாக்குறது, சாணத்தை எருவாக்குறது, மாட்டு வயித்துல வைக்கோலைச் செரிக்க வைக்கிறது, எல்லாம் அதுங்க வேலை. மழை பெஞ்சா மண் வாசம் வருதே, அதுவும் அதுங்களாலதான்."

"இப்போ அதுங்களுக்கு என்ன ஆச்சு?"

"வாடாநீர்ல இருக்குற உயிர் மத்த கிருமிகளைக் கொல்றதில்ல. பெருக விடாம நிறுத்திடுது. அதனாலதான் பழம் அழுகல. ரெண்டு நாள்ல செத்துடும்னு சொன்னாங்க. சாகல. பழத்துல இருந்து மண்ணுக்குப் போயிருக்கு. மண்ணுல இருந்து கெணத்துக்குப் போயிருக்கு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாட்ராயன் உள்ளே வந்தான். "மாடு செத்தது தீவனக் கோளாறு மேடம். புதுசா ஒரு கடையில வைக்கோல் வாங்குனேன். எல்லாத்துக்கும் மருந்து மேலயே பழி போட்டா எப்படி?"

"ஊர்ல பதினோரு மாடு செத்திருக்குண்ணே. எல்லாரும் ஒரே கடையிலயா வாங்குனாங்க?"

நாட்ராயன் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். முதல் கேனை வாங்கியவன் தான் என்பது அவனுக்குத் தெரியும். தனபாக்கியத்துக்கும் தெரியும். அதைப்பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

அவன் போனபிறகு தனபாக்கியம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாட்டு வயித்துல இருக்குறது மாதிரி மனுஷ வயித்துலயும் இருக்குமா?"

ரெபேக்கா அவள் பக்கம் திரும்பினாள். "இருக்கும். பெரியவங்க கொஞ்ச நாள் தாங்குவாங்க. வாய்ப்புண் வரும், இளைப்பாங்க. மாத்திரையில சமாளிக்கலாம். பிறக்குற குழந்தைக்குத்தான் கஷ்டம். அதுக்கு வயித்துல ஒண்ணுமே இருக்காது. அம்மாகிட்ட இருந்துதான் எல்லாக் கிருமியும் வாங்கிக்கணும். அம்மாகிட்டயே இல்லன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கீழத்தெரு கலைவாணிக்குப் பிறந்த பெண் குழந்தையை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது நாள் ஆகியும் பிறந்த எடைகூட இல்லை. நாள் முழுக்கப் பால் குடித்தது, நாள் முழுக்க அழுதது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தனபாக்கியத்தின் ஒரே மகள் கோகிலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம்.

அன்றே மகளுக்கு போன் செய்து, பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம் என்றாள். தண்ணீர் சரியில்லை, ஊரில் காய்ச்சல் என்று ஏதேதோ காரணம் சொன்னாள். கோகிலா நம்பவில்லை. "என்னை வச்சுப் பார்க்க உனக்கு முடியலன்னா நேரா சொல்லும்மா," என்று அழுதாள். நாட்ராயனுக்கும் கோபம். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வராத வீடு என்று சம்பந்தி வீட்டார் முகத்துக்கு நேராகக் கேட்பார்களே என்றான். ஒரு மாதம் இந்தப் பேச்சு தினமும் நடந்தது. அந்த ஒரு மாதத்தில் ரெபேக்கா மூன்று அலுவலகங்களுக்கு எழுதினாள். குழு அமைத்திருக்கிறோம், அறிக்கை வரட்டும் என்று பதில் வந்தது. தங்கள் மருந்து பாதுகாப்பானது என்று கம்பெனியும் ஒரு கடிதம் அனுப்பியது. கலைவாணியின் குழந்தை இறந்துபோனது.

"நான் யாருக்காகவும் காத்திருக்கப் போறதில்ல," என்றாள் ரெபேக்கா. "இது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு நானே போய்ப் பார்க்கப் போறேன். வடக்கயும் கேரளாப் பக்கமும் தக்காளி லாரி போகுது, அங்கல்லாம் பரவியிருக்கும். கிழக்க நம்ம சரக்கு போறதில்ல. அங்க எங்கயாவது ஒரு இடத்துல நின்னிருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிச்சுட்டா, அதுக்கு அந்தப் பக்கம் இருக்குறதையாவது காப்பாத்தலாம்."

"நானும் வரேன்," என்றாள் தனபாக்கியம்.

கிழக்கே போனால் பட்டுக்கோட்டை வரும். அங்கேயே தங்கி, மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது அவள் எண்ணம். நாட்ராயனிடம் டாக்டரம்மாவுக்கு உதவியாக இரண்டு மூன்று நாள் போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். கோகிலாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அப்பாவுக்குப் போய்விடும்.

"என் கையில, துணியில அது ஒட்டிக்கிட்டு வந்துடாதா?" என்று மட்டும் ரெபேக்காவிடம் கேட்டாள்.

"மண்ணும் தண்ணியும் இருந்தாத்தான் அதுக்கு வாழ்வு. தோல் மேல ஒரு நாள்கூடத் தாங்காது. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். ரெபேக்காவிடம் கருவிகள் இருந்தன. ஆனால் வழியில் அவற்றைவிட தனபாக்கியத்தின் கேள்விதான் பயன்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் காரை நிறுத்தி, தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் போய், மாவு பொங்குகிறதா என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் சில பெண்களின் முகம் மாறிய விதம் அவளை உலுக்கியது. தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். திண்டுக்கல் தாண்டியும் பொங்கவில்லை. வையம்பட்டியிலும் இல்லை. மணப்பாறையில் பாதி வீடுகளில் இல்லை. அங்கே ஒரு டீக்கடைக்காரர், பத்து நாளாகத் தயிர் உறையாததால் பால்காரனை மாற்றிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

திருச்சியில் விடுதி எடுத்துத் தங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் சோப்பைப் போட்டு இருவரும் குளித்தார்கள். பழைய துணிகளை எரித்துவிட்டுப் புதியதாக வாங்கிய துணிகளை உடுத்திக்கொண்டார்கள். வியாழன் மதியம் கந்தர்வகோட்டைக்கு அருகில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் நின்றார்கள். முதல் வீட்டில் அஞ்சலை என்ற பெண் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மாவா? இந்த வெயிலுக்குப் பொங்காம என்ன பண்ணும்?" என்று சிரித்தாள் அஞ்சலை. "வந்து பாருங்க."

உள்ளே சட்டியிலிருந்து மாவு மேடை வரைக்கும் வழிந்திருந்தது. புளிப்பு வாசனை அறை முழுக்க நின்றது. தனபாக்கியம் குனிந்து அதை ஆழமாக இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ரெபேக்கா கொல்லைக்குப் போய் எருக்குழியைக் கிளறினாள். கரிய எரு, நெளியும் மண்புழு, மூக்கைத் துளைக்கும் நாற்றம். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத தெளிவு இருந்தது.

"இதுதான் கோடு," என்றாள்.

அஞ்சலை அவர்களை விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர்கள் சாப்பிட்டுத் தங்கிவிட்டுக் காலையில் போங்கள் என்றாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பழைய சாதத்தில் மோர் ஊற்றிக் கொடுத்தாள். மாலையில் அவள் மாவு அரைத்தபோது, சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் தனபாக்கியம் எழுந்து போய் உப்புப் போட்டு, கையை விட்டு அடிவரைக்கும் கலக்கிக் கொடுத்தாள். கையால் கலக்கினால்தான் மாவு நன்றாகப் பொங்கும் என்றாள். அஞ்சலையும் ஆமாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தனபாக்கியம்தான் முதலில் எழுந்தாள். பல் துலக்கிவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

மாவு ஊற்றிய இடத்திலேயே நின்றது.

அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். ரெபேக்காவைத் தொட்டு எழுப்பப் பயந்து, எட்டி நின்று கூப்பிட்டாள்.

ரெபேக்கா வந்து பார்த்தாள். காரிலிருந்து கருவியை எடுத்துவந்து இருவருடைய கைகளிலும் நாக்கிலும் பஞ்சால் துடைத்துச் சோதித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவைப் பார்த்தபின் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோல் மேல வாழாதுன்னு சொன்னது சரிதான்," என்றாள். "அது நம்ம வயித்துக்குள்ள வாழுது அக்கா. வேர்வையில, எச்சில்ல வெளிய வந்துக்கிட்டே இருக்கு. எவ்வளவு கழுவினாலும் வந்துக்கிட்டே இருக்கும். நான் தப்புப் பண்ணிட்டேன். லாரியால மட்டும் இது பரவல. ஆளுங்களால பரவுது."

"இங்க கொண்டாந்தது நாமதான்."

"ஆமா."

தனபாக்கியத்துக்கு ஒரு கணம், அஞ்சலை எழுவதற்குள் காரில் ஏறிப் போய்விடலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்கே அவளுக்குக் கூசியது. ரெபேக்கா எழுந்து போய் அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. வீட்டை விட்டு யாரும் வெளியே போக வேண்டாம், யாரும் உள்ளே வரவும் வேண்டாம், மாடுகளை அவிழ்க்க வேண்டாம், கொல்லைத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் அணை போடுங்கள், கலெக்டர் ஆபீசுக்கு நான் இப்போதே பேசுகிறேன் என்றாள்.

அஞ்சலை சத்தம் போடவில்லை. மாடுகள் கட்டியிருந்த பக்கம் பார்த்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள்.

"நான் உங்களுக்குச் சோறு போட்டேனே," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் படுத்திருந்த பாயையும் போர்வையையும் ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினாள். அவர்கள் காரில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே, பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் ரெபேக்கா காரை நிறுத்தினாள். இடது பக்கம் பலகையில் பட்டுக்கோட்டை என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. ஒரு மணி நேரம் போனால் மகள் வீடு.

"நான் உங்களை அங்க கொண்டுபோய் விட முடியாது அக்கா."

"தெரியும்."

தனபாக்கியம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைத் தான் தொடாமல் இருந்தால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கப் பார்க்காவிட்டாலும் சரி. போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். இதை மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மெதுவாக போனை எடுத்தாள்.

கோகிலா உடனே எடுத்தாள். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"அம்மா, எங்கம்மா இருக்க? எப்போ வருவ?"

"எங்க வர?"

"வீட்டுக்குத்தான். நான் நம்ம வீட்டுல இருக்கேன். அப்பா நேத்துக் காலைல கார் எடுத்துக்கிட்டு பட்டுக்கோட்டைக்கே வந்துட்டாரு. நீ இல்லாத நேரம் பார்த்து கூட்டிட்டு வரணும்னே வந்திருக்காரு. உங்கம்மா வந்து பார்த்தா மறுபேச்சுப் பேச மாட்டா, நீ கெளம்புன்னாரு. நேத்துச் சாயந்திரமே வந்துட்டோம்."

ரெபேக்காவுக்கும் போனில் வந்த குரல் கேட்டது. அவள் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"கோவமாம்மா?"

"இல்ல சாமி. சாப்பிட்டியா?"

"ராத்திரி அப்பாவே தக்காளிக் குழம்பு வச்சாரு. நம்ம தோட்டத்துத் தக்காளி. ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். நம்ம கெணத்துத் தண்ணி குடிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? சொம்பு சொம்பாக் குடிச்சேன். பாப்பாகூட நல்லா உதைக்குது."

தனபாக்கியம் ரெபேக்காவைப் பார்த்தாள். ரெபேக்கா நிமிர்ந்து, மெல்லத் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை திரும்பிப் போகணும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் இருக்கு. போயிட்டு ஒம்பதாம் மாசம் மறுபடி வரேன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நீ வந்துடுவதான?"

தனபாக்கியத்துக்கு பட்டுக்கோட்டை வீட்டில் இருக்கும் மகளின் மாமியார் நினைவுக்கு வந்தாள். அந்தத் தெருவில் விளையாடும் குழந்தைகள், வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னைகள், கழனியில் மேயும் மாடுகள் நினைவுக்கு வந்தன.

"நீ போக வேண்டாம்," என்றாள்.

"என்னம்மா?"

"திரும்பிப் போக வேண்டாம் கோகிலா. அப்பாவையும் எங்கயும் போக வேண்டாம்னு சொல்லு. நீ நம்ம வீட்டுலயே இரு. பிரசவம் அங்கயே பார்த்துக்கலாம். நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

மறுமுனையில் கோகிலா சிரித்தாள். "ஒரு மாசமா வராத வராதன்னு உசுர எடுத்த. இப்போ போகாதங்கிற. உன்னைப் புரிஞ்சுக்கவே முடியலம்மா. சரி, பார்த்து வா."

போன் நின்றபிறகும் தனபாக்கியம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். ரெபேக்கா கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, காரை மேற்கே திருப்பினாள். ஊர் போய்ச் சேரும்வரை, தண்ணீர் குடிக்கக்கூட அவர்கள் வழியில் எங்கும் இறங்கவில்லை.